ஊமைப் பல்லிக்கு ஊட்டிய வருஷம்

லேப் அட்டெண்டர் வேலை என்பது செத்ததைப் பாட்டிலில் போட்டு லேபிள் ஒட்டுகிற வேலை. உயிரோடு இருப்பதை எங்கள் கையில் கொடுத்தால் அதற்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். ஃபார்மலின் வாசனையோடு சோற்று டப்பாவைத் திறந்து பழகியவர்களுக்கு இது புரியும். மற்றவர்களும் வீட்டில் கிளிக்கோ, நாய்க்கோ, படுத்த படுக்கையான மாமனாருக்கோ ஊட்டிப் பார்த்திருப்பீர்கள். ஆகவே நாம் எல்லோரும் ஒரே கட்சி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பிளஸ் டூ வந்த புதிது. உத்திரமேரூரில் ஒரு பள்ளியின் விலங்கியல் லேப்புக்கு நான் அட்டெண்டர். லேப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். அதற்கு முன்னால் அது மாடு கட்டிய இடம். மூலையில் கிடந்த கருங்கல் தொட்டியை யாராலும் நகர்த்த முடியாததால் அதையும் லேப் சாமான் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். அலமாரியில் பாம்பு, ஓணான், ஆட்டுக் கண் எல்லாம் பாட்டிலில். உயிரோடு இருந்தது நான் ஒருவன்தான்.

பிஸ்கட் டப்பாவில் வந்த விருந்தாளிகள்

எங்கள் விலங்கியல் ஆசிரியர் பரசுராமன் சாரின் தம்பிக்கு டார்ஜிலிங் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அந்தத் தீபாவளிக்குத் தம்பி ஊருக்கு வருகிறார் என்றதும் ஆசிரியர் அறையில் எல்லோரும் ஆளுக்குக் கால் கிலோ தேயிலை வரும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். வந்தது ஓட்டை போட்ட ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே ஈரப் பாசி. பாசிக்குள் இரண்டு உருப்படிகள், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. “சாலமாண்டர்யா. நம்ம ஊர்ல எவனும் பார்த்திருக்க மாட்டான்” என்றார் சார், குழந்தை பிறந்தவர் மாதிரி.

பல்லி மாதிரி உருவம், ஆனால் செதில் கிடையாது. தவளை மாதிரி ஈரத் தோல். கரும்பழுப்பு நிறம், விலாவில் இரண்டு பக்கமும் மொட்டு மொட்டாக ஒரு வரிசை. கல் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, ஏறி உட்கார நாட்டு ஓடு இரண்டு போட்டு விட்டேன். வெயில் ஆகாது என்று சார் சொன்னதால் தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு. அவை நீந்தவும் இல்லை, ஓடவும் இல்லை. நான் அறையில் எந்தப் பக்கம் போனாலும் இரண்டு தலையும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். திரும்புவதை மட்டும் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

லேப்பைப் பெருக்குகிற முனியம்மா முதல் நாள் எட்டிப் பார்த்து, ஊமைப் பல்லி என்று பேர் வைத்தாள். மறுநாள் முதல் தொட்டி இருந்த மூலையை விட்டுவிட்டு மற்ற மூன்று மூலையை மட்டும் பெருக்கினாள். ஏன் என்று கேட்டேன். “பல்லின்னா சத்தம் போடணும் சார். நல்லதோ கெட்டதோ வாயத் தொறந்து சொல்லிடும். இது நம்மளயே பாத்துக்கினு இன்னாத்த நெனச்சிக்கினு கீதோ, யாருக்குத் தெரியும்.”

ஃபோர்செப்ஸ்

அசையாத எதையும் அவை தின்னாது. மண்புழுவைத் தட்டில் போட்டு வைத்தால் அதன் மேலேயே நடந்து போகும். அசைத்துக் காட்ட வேண்டும், அதற்கு ஒரு கருவி வேண்டும். என்னிடம் இருந்தது தவளை அறுக்கும்போது சதையைப் பிடிக்கிற ஸ்டீல் இடுக்கி, ஃபோர்செப்ஸ். முனை ஊசி. இது ஆகுமா என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளாக இருந்தால் எனக்கு ஏன் அந்த வேலை.

கார்த்திகை மாத மழை. மத்தியானம் மூன்று மணிக்கே அறை இருண்டு கிடந்தது. புழுவைப் பிடித்துத் தண்ணீரில் ஆட்டினேன். சின்னது வந்து கவ்வியது. கண் இமைக்கிற நேரத்தில் பெரியதும் பாய்ந்து மறுமுனையைக் கவ்வியது. நான் பயந்துபோய் ஃபோர்செப்ஸை இறுக்கிப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். இரண்டு முனைக்கும் நடுவில் சின்னதின் முன்னங்கால் இருந்ததைப் பார்க்கவில்லை. மணிக்கட்டோடு கையில் வந்துவிட்டது.

ரத்தம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. சத்தமும் இல்லை. அது ஒரு கத்து கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. சின்னது மூன்று காலில் நின்றுகொண்டு மீதிப் புழுவை நிதானமாக விழுங்கியது. நான் பிடியை விட்டதில் அந்தக் குட்டிக் கால் நழுவித் தண்ணீரில் ஆடி ஆடி இறங்கியது. ஆடுவது எதுவானாலும் அவற்றுக்கு இரைதான். பெரியது வந்து அதையும் விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தது.

ஆக, தடயமும் இல்லை. மறுநாள் பரசுராமன் சார் குனிந்து பார்த்து, கால் எங்கே என்றார். “பெரியது கடிச்சிடுச்சு சார்” என்றேன். பாதிக்குப் பாதி உண்மைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். திட்டு விழும் என்று நின்றால், அவர் சந்தோஷமாக நிமிர்ந்தார். “கவலைப்படாதய்யா, நடுவுல தகரம் வெச்சு ரெண்டையும் பிரிச்சு விடு. போன கால் திரும்ப முளைக்கும், நீ பாத்துக்கிட்டே இரு.”

இமையில் தேய்த்துப் பார்த்தவன்

அன்றிலிருந்து ஸ்டீலைக் கண்டாலே சின்னது ஓட்டுக்கு அடியில் போய்விடும். “ஏன் இதுக்கு மட்டும் இந்தப் பயம்” என்று சார் ஆச்சரியப்படுவார். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

வேறு கருவி தேடினேன். இங்க் ஃபில்லரில் புழுத் துண்டை வைத்துப் பார்த்தேன், கண்ணாடியைக் கவ்வியது. உடைந்து வாயில் போனால் என்ன ஆகும் என்று எனக்கு வேர்த்துவிட்டது. தென்னை ஈர்க்கில் குத்திக் கொடுத்தேன், ஈர்க்கும் சேர்ந்து உள்ளே போகப் பார்த்தது. கையால் கொடுத்தேன். அன்று சாயந்திரம் கண்ணைக் கசக்கியவன் இரண்டு மணி நேரம் கண் திறக்கவில்லை. தோலிலிருந்து பால் மாதிரி ஒன்று கசிகிறது, அது எரியும் என்று சார் அப்புறம்தான் சொன்னார். நல்ல மனுஷர், எதையும் அப்புறம்தான் சொல்வார்.

இந்தச் சமயத்தில்தான் கன்னியப்பன் உள்ளே வருகிறான். எங்கள் லேப்புக்குத் தவளையும் மண்புழுவும் பிடித்துக் கொடுப்பவன், முப்பது வயது இருக்கும். அதற்கு முன் நெல் அரைக்கிற மில்லில் பெல்ட் மாட்டும் வேலை. அந்த ஆவணியில் ஓடுகிற பெல்ட்டில் வலது கையைக் கொடுத்து, கட்டைவிரல் தவிர நாலு விரலும் போய்விட்டது. இடது கையால் ஏரிக் கால்வாய் ஓரம் புழு தோண்டிக் கொண்டுவருவான். என் பாட்டைக் கேட்டுவிட்டு, மறுநாள் மூங்கிலில் ஒரு கிடுக்கி செய்து வந்தான். மூங்கில் பத்தை இரண்டு, நடுவில் சைக்கிள் டியூப் ரப்பர். எப்படிச் செய்தாய் என்றதற்கு, முழங்காலில் இடுக்கி, பல்லால் பிடித்து என்றான். முனையைச் செங்கல்லில் தேய்த்துத் தேய்த்து உருட்டியிருந்தான்.

மழுங்கியதா என்று நான் உள்ளங்கையில் குத்திப் பார்த்தேன். அவன் அதை வாங்கி, கண்ணை மூடி, தன் இமையின் மேல் மெல்ல இழுத்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், பிறகு மற்றக் கண். எனக்குப் பார்க்கவே கூசியது. “உறுத்தல சார். கண்ணு மேல உறுத்தாதது அதோட வாயில இன்னாத்த உறுத்தப் போவுது.”

தலைமை ஆசிரியர் தலையில் பல்லி

எங்கள் பக்கத்தில் தலையில் பல்லி விழுந்தால் காஞ்சிபுரம் போய்ப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வந்தால்தான் நிம்மதி. தலைமை ஆசிரியருக்குத் தலையில் பல்லி விழுந்தது, இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள். பஸ் பிடித்துப் போய்வர நேரமில்லை. லேப்புக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, “இதுவும் அந்த வம்சம்தானேய்யா?” என்றார். வம்சம் வேறு என்று நான் விளக்கப் பார்த்தேன். பெரியவர்களுக்கு விளக்கினால் கேட்பார்களா.

தண்ணீரில் கையை விட்டுப் பெரியதைத் தலையிலிருந்து வால் வரை தடவினார். தடவினாரோ இல்லையோ, அது தலையை மேலே தூக்கியது, வாலையும் மேலே தூக்கியது, இரண்டு நுனியும் கிட்டத்தட்டத் தொடுகிற அளவுக்கு வளைந்து, அப்படியே நின்றுவிட்டது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், அசையவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதே கையால் கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். நான் சொல்வதற்குள் முடிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வந்தபோது கண் இரண்டும் கோவைப்பழமாக நின்றார். இன்ஸ்பெக்‌ஷன் என்னவோ நல்லபடியாக முடிந்தது. அன்று மாலை என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “அது வளைஞ்சுதே, அது நமக்கு வளைஞ்சுதா, நம்மள வளைச்சுதா?”

நாலு அரிசி

மார்கழி பாதியில் சின்னதின் மணிக்கட்டில் ஒரு மொட்டு தெரிந்தது. தை பிறந்தபோது அது சின்னத் துடுப்பு மாதிரி தட்டையானது. துடுப்பின் நுனியில் பள்ளம் விழுந்து, பள்ளம் ஆழமாகி, ஒரு நாள் காலையில் பார்த்தால் நாலு விரல், நாலு குருணை அரிசி. முன்னங்காலில் அவற்றுக்கு நாலு விரல்தான். பரசுராமன் சார் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார். பிள்ளைகள் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள்.

தினமும் பார்த்தவன் கன்னியப்பன் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறவன், புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் தவறாமல் வர ஆரம்பித்தான். மூங்கில் கிடுக்கியால் அவனே ஊட்டுவான். முடிந்ததும் தொட்டிக் கல்லில் தாடையை வைத்துக்கொண்டு, மூச்சு தண்ணீரில் படுகிற தூரத்தில் உட்கார்ந்திருப்பான். சின்னதும் ஓட்டின் மேல் ஏறி அவன் முகத்துக்கு நேராக உட்காரும். நான் பக்கத்து மேஜையில் பாட்டில் துடைத்துக்கொண்டிருப்பேன். ஒரு மணி நேரத்தில் அந்த இரண்டு பேரில் யாரும் அசைந்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் அவன் கேட்டான், இது எந்தெந்த உயிருக்கு முளைக்கும் என்று. சார் பொறுமையாகச் சொன்னார். பல்லிக்கு வால் முளைக்கும், நண்டுக்குக் கொடுக்கு முளைக்கும், இதற்குக் கால் முளைக்கும், மனுஷனுக்கு நகம், தலைமுடி மட்டும்தான். கன்னியப்பன் தலையாட்டிக்கொண்டான். சார் போன பிறகு, கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னான். “மில்லு ஓடற சத்தம் கேட்டா நாலு வெரலும் மடங்குது சார். நகம் உள்ளங்கையில குத்துது. இல்லாதது எப்பிடி சார் குத்தும்?”

குறைகிற தண்ணீர்

மாசி மாதம் தொட்டித் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்தேன். ஆனால் ஓரமெல்லாம் மெழுகு வைத்து அடைத்திருந்த தகரத்துக்கு அந்தப் பக்கம், பெரியது இருந்த பாதியில், மட்டம் அப்படியே இருந்தது. சின்னது இருந்த பாதியில் மட்டும் தினமும் இரண்டு விரற்கடை குறையும். கல்லில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், இல்லை. சாக்கட்டியால் கோடு போட்டு வைத்தேன். காலையில் கோட்டில் இருக்கும், சாப்பாட்டு மணிக்குப் பிறகு கோட்டுக்குக் கீழே இருக்கும். இதை முனியம்மாவிடம் சொன்னதுதான் தப்பு. அவள் மீதி மூன்று மூலையையும் பெருக்குவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடப் போகிற மாதிரி போய், பாதியில் திரும்பி வந்தேன். கன்னியப்பன் தொட்டியோரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பாட்டில், அதில் தொட்டித் தண்ணீர். கட்டை அவிழ்த்துவிட்டு வலது கையை மணிக்கட்டு வரை தொட்டிக்குள் விட்டிருந்தான். சின்னது அவன் கட்டைவிரலின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் அந்தக் கையை நான் கட்டில்லாமல் முதல் தடவை பார்க்கிறேன். விரல் போன இடத்தில் சதை கறுத்து, ஒரு எலும்பு நுனி வெளியே வெள்ளையாகத் தெரிந்தது. வாசனை வேறு.

மெதுவாக விஷயத்தைக் கறந்தேன். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து, எலும்பு நுனியைச் சீவி, கெட்ட சதையை எடுத்து, தோலை இழுத்துத் தைக்க வேண்டும் என்று சொல்லிப் பத்து நாளாகிறது. வருகிற திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் மணிக்கட்டோடு எடுக்க வேண்டியிருக்கும், அதற்கும் மேலே போனால் உயிருக்கே உத்தரவாதமில்லை என்று சொல்லியிருக்கிறார். அவன் போகவில்லை. பாட்டில் தண்ணீரை வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரியெல்லாம் அதில் துணி நனைத்துச் சுற்றிக்கொள்கிறானாம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஏன்டா போகவில்லை என்று கத்தினேன். அவன் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னான். “தச்சி மூடிட்டா அப்பறம் எந்தப் பக்கமா சார் வெரலு வெளிய வரும்?”

உண்மை சொன்ன வினை

நாம் எல்லோரும் வேலையில் சின்னச் சின்னப் பொய் சொல்லியிருப்போம். அது ஒருவன் கையைத் தின்னும் என்று யார் நினைக்கிறோம். கன்னியப்பன் அந்தத் தொட்டியை அதிசயம் என்று நம்புகிறான். அது அதிசயமில்லை, என் கைத்தவறு என்று தெரிந்தால் அந்த மயக்கம் தெளிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நாலு மாதம் மறைத்ததை அவனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நானாக முன்வந்து உண்மை சொன்னது அந்த ஒரு தடவைதான். அதன் லட்சணத்தைப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை அவன் வந்ததும் அலமாரியிலிருந்து அந்த ஸ்டீல் ஃபோர்செப்ஸை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். பெரியது கடிக்கவில்லை, பல்லி வாலை விடுவது மாதிரி தானாகவும் விழவில்லை, இதுதான் பிடுங்கியது, நான்தான் பிடித்திருந்தேன், சாரிடம் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் ஃபோர்செப்ஸை இடது கையில் எடுத்தான். திறந்தான், மூடினான். டிக், டிக் என்று அந்தச் சத்தம் மட்டும் அறையில் கேட்டது. சின்னது ஓட்டுக்கு அடியில் போய்விட்டது. அவன் நிமிர்ந்தபோது முகத்தில் மயக்கம் தெளிந்திருக்கவில்லை. அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை, பார்த்திருக்கவும் வேண்டாம். “அப்ப அதுவும் இரும்புல போனதுதானா சார். நான் இம்மா நாளா அதுவா உட்டுதுன்னு இல்ல நெனச்சிக்கினு கீறேன். இரும்பு எடுத்ததே மொளைக்குதுன்னா, எனுக்கும் நாலுதான சார்.”

பூவுக்குப் பதில்

சனிக்கிழமை. பள்ளி அரை நாள். கை இருக்கிற நிலையை நான் சொன்னதும் பரசுராமன் சார் கன்னியப்பனைத் தோளைப் பிடித்து உலுக்காத குறையாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நான் கெஞ்சினேன். கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். ஏரிக்கரை அம்மன் கோயிலில் அவன் பூக் கட்டிப் பார்த்திருக்கிறான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம், கண்ணை மூடி எடுத்து, வந்த நிறத்தை அம்மன் உத்தரவு என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போ என்று வந்தது, மறு தடவை போகாதே என்று வந்தது. ஆகவே இனி சின்னதைக் கேட்பது என்று சொன்னான். கையைக் கழுவிவிட்டு, புழு எதுவும் இல்லாமல் தண்ணீரில் வைப்பான். விரல் இருந்தால் அது வந்து கவ்வும், ஆஸ்பத்திரி வேண்டாம். கவ்வாவிட்டால் விரல் இல்லை, அடுத்த பஸ்ஸிலேயே செங்கல்பட்டு. ஒரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அம்மன் கோயிலுக்குப் போனான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அந்த வருஷம் முழுக்க நான் கற்ற ஒரே வித்தை அவற்றுக்கு ஊட்டுவது. வயிறு நிறைந்தால் அவை நாள் கணக்கில் எதையும் ஏறெடுத்துப் பார்க்காது. மூங்கில் கிடுக்கியை எடுத்து, சின்னதுக்குப் புழு புழுவாக ஆட்டிக் காட்டினேன். ஆறு தின்றது. ஏழாவதைப் பாதி விழுங்கி வெளியே துப்பியது. எட்டாவதை மூக்கில் இடித்தும் திரும்பிக்கொண்டது. வயிறு கோலிக்குண்டாகத் தொங்க, ஓட்டுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. புழு வாசனையே இருக்கக் கூடாது என்று தண்ணீரையும் மாற்றினேன். பொய்யைப் பொய்யால் கழுவுகிறோம், இதில் ஒரு கை தப்பினால் சரி என்று கும்பிட்டுக்கொண்டேன்.

ஒரு மணிக்கு அவன் வந்தான். சீயக்காய் போட்டு மூன்று தடவை கழுவினான். வலியில் உதடு வெளுத்திருந்தது. கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு, கையைத் தண்ணீரில் இறக்கித் தொட்டியின் அடியில் வைத்தான். வெளியே மைதானத்தில் யாருமில்லை. தூரத்தில் மில் ஓடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவன் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டான். “மடங்குது” என்றான், வாய்க்குள்.

ஓட்டுக்கு அடியிலிருந்து தலை வந்தது. பிறகு உடம்பு. அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு தொட்டியின் அடியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்தது, முளைத்த காலை முன்னால் வைத்து. அவன் கைக்கு நேராக வந்து, கையைத் தொடாமல் நின்றது. நடுவில் வெறும் தண்ணீர். எவ்வளவு தூரம் என்று என்னை அறியாமல் அளந்தேன். என் ஆள்காட்டி விரல் நீளம். அது தலையைச் சாய்த்து, வெடுக்கென்று அந்த வெறும் தண்ணீரைக் கவ்வியது. வாய் முழுசாக மூடவில்லை. எதன் மேலோ மூடியது மாதிரி சிறு இடைவெளியோடு நின்றது. புழுவைக் கவ்வினால் ஆட்டுமே, அதே மாதிரி தலையை இரண்டு பக்கமும் ஆட்டியது. கன்னியப்பன் “ஸ்” என்று கையை வெடுக்கென்று இழுத்தான்.

புண் வாசனைக்கு வந்திருக்கும் என்று பரசுராமன் சார் பிறகு சொன்னார். வாசனைக்கு வந்தது புண்ணையல்லவா கவ்வ வேண்டும். அதைச் சாரிடம் நான் கேட்கவில்லை. அப்போது எனக்கு இருந்த பயமெல்லாம் வேறு. போச்சு, இனி இவன் பஸ் ஏற மாட்டான், என் பொய்யும் என் உண்மையும் என் வித்தையும் சேர்ந்து ஒரு மனுஷனின் கையை வாங்கிவிட்டன என்று சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றே சொல்லலாம். கன்னியப்பன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். முதலில் இருக்கிற சதையை, பிறகு அதற்கு மேலே இல்லாத இடத்தை, ஒவ்வொரு விரலாக நாலு தடவை. துடைத்து முடித்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். “எய்ந்திரு சார், செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நேரமாவுது. வெளிய கீறத டாக்டர் வெட்டி எடுத்துக்கினு போட்டும். அது வாயில புடிச்சிப் பாத்த வெரல அவரால வெட்ட முடியாதுல்ல.”

ஊமைப் பல்லிக்கு எதை வைத்து ஊட்டினால் ஆபத்தில்லை என்பதை அந்த ஒரு வருஷத்தில் நன்றாகவே படித்துக்கொண்டேன். அன்றைக்கு அந்தத் தொட்டியில் யார் யாருக்கு ஊட்டினார்கள் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.